ஒலியடக்கி பொருத்திய துப்பாக்கிக்கும் காது மூடி வேண்டுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்து செல்கிறோம். அங்கே பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனர், காட்டு ஆடுகளைச் சுடுவதற்கு பாயிண்ட் 308 ரகத் துப்பாக்கியில் ஒலியடக்கி பொருத்தியிருக்கிறார். “பெட்டியிலேயே 34 டெசிபெல் குறையும் என்று போட்டிருக்கிறது, காதுக்கு ஒன்றும் ஆகாது” என்கிறார். 12 வயது மகளும் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்படுகிறாள். கைப்பேசிச் செயலியில் சத்தத்தை அளந்து பார்த்தால் போதுமா? இணையக் கடையில் 70 வெள்ளிக்குக் கிடைக்கும் மின்னணுக் காது மூடியை நம்பி வாங்கலாமா? — சிங்கப்பூர், ஈசூன் வாசகர்

பதில்: செயலியை நம்பி மகளை அருகில் நிறுத்த வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழல்வாயிலிருந்து பீறிடும் அழுத்தம் ஒரு மில்லிவினாடிக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது; சாதாரண ஒலிமானியை ‘வேகம்’ என்ற நிலையில் வைத்தாலும் அது 125 மில்லிவினாடி அளவில் சராசரி எடுப்பதால், அந்த உச்சம் கரைந்துபோகிறது. பேச்சுக்காகச் செய்யப்பட்ட கைப்பேசி ஒலிவாங்கியோ 120 டெசிபெலை நெருங்கும்போதே திணறிவிடும். திரையில் 105 என்று தெரியும் அதே நொடியில் காதில் 135 விழுந்திருக்கலாம். முறையாக அளப்பவர்கள் சிறிய அளவீட்டு ஒலிவாங்கியை வைத்து, வினாடிக்குக் குறைந்தது 1,92,000 முறை அழுத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க ராணுவத்தின் 2015ஆம் ஆண்டுத் தரநிலை கேட்கிறது.

பெட்டியில் உள்ள 34 என்ற எண்ணைப் பார்த்ததும், அதை எந்த இடத்தில் அளந்தார்கள் என்று கேட்டாக வேண்டும். பழைய ராணுவ முறைப்படி குழல்வாய்க்கு இடப்புறம் 1 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் ஒலிவாங்கியை வைப்பது வழக்கம். உங்கள் மகளின் காது அங்கே இருக்கப்போவதில்லை. கொட்டகைச் சுவரோ வாகனமோ அருகில் இருந்தால் ஓசை எதிரொலித்துக் கூடும். ஒலியடக்கிக்குள் தங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் எரிவதால் முதல் சூடு பெரும்பாலும் அடுத்தவற்றைவிட உரக்கக் கேட்கும். வினாடிக்கு 800 மீட்டர் அளவில் பறக்கும் தோட்டா ஒலியின் வேகத்தை (சுமார் 340 மீட்டர்) மிஞ்சுவதால் எழும் வெடிப்போசையை எந்த ஒலியடக்கியாலும் தடுக்க முடியாது.

தேசிய சேவையில் சிங்கப்பூர் ராணுவத்தின் எஸ்ஏஆர் 21 ரகத் துப்பாக்கியால் சுட்டவர்களுக்குத் தெரியும், அதில் தோட்டா வெடிக்கும் அறை கன்னத்தை ஒட்டியே இருக்கும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் இத்தகைய துப்பாக்கியில் ஒலியடக்கி வைத்தால், முன்னால் தடைபட்ட வாயுவில் ஒரு பகுதி பின்புறத் திறப்பின் வழியாகச் சுடுபவரின் காதருகே வெளியேறும். மைத்துனருடையது கையால் இழுத்துச் சுடும் வகையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒலியடக்கி இல்லாமல் 165 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், 34 போக 131 மிஞ்சும். பெரியவர்களுக்கு 140 உச்ச வரம்பு என்பதால் “ஒன்றும் ஆகாது” என்ற விளம்பரம் பிறக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 120 தான். டெசிபெல்லில் 20 கூடினால் அழுத்தம் பத்து மடங்காகும். எனவே 11 டெசிபெல் மீறுவது என்பது மும்மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமாகும். உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

காது மூடியைத் தாராளமாக வாங்குங்கள். பேச்சைக் கேட்கவிட்டு வெடியோசையைத் தடுக்கும் மின்னணு வகை வேட்டையில் உதவும். ஆனால் அட்டையில் உள்ள என்.ஆர்.ஆர். எண் (எவ்வளவு இரைச்சலைக் குறைக்கும் என்ற மதிப்பீடு) தொடர்ந்த இரைச்சலுக்கான சோதனையில் கிடைத்தது. 132, 150, 168 டெசிபெல் அளவிலான திடீர் வெடியோசைக்கும் சோதித்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் அதன் காம்பு மூடியின் விளிம்பைத் தூக்கிவிடும். மகளின் தலைக்கு வளையம் தளர்ந்தாலும் அதே கதிதான். அதனால் போட்டுப் பார்த்து வாங்கக்கூடிய உள்ளூர்ப் பாதுகாப்புச் சாதனக் கடையே மேல். விவரித்தபடி பொருள் இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் இந்த வழிகள் எளிதில் செல்லாது.

நியூசிலாந்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று ஒலியடக்கியை நினைவுப் பொருளாகக்கூட இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள்.

மூடிக்குள் நுரைக் காதடைப்பானும் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 5 டெசிபெல் கூடுதலாகக் குறையும். அடைப்பானை விரலால் உருட்டி ஊசிபோல் மெலிதாக்கி, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுசென்று காது மடலை மேல்நோக்கி இழுத்தபடி உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் மகளை வீட்டிலேயே சில முறை பழகச் சொல்லுங்கள்.