10 வருட கேரண்டி கொடுக்கலாமா? பூச்சிக் கட்டுப்பாடு, புல்தரைத் தொழில்: கேள்வி-பதில்

போட்டி நிறுவனம் கரையானுக்கு 10 வருட கேரண்டி தருகிறது. நாங்கள் 3 வருடம் என்றால் ஆர்டர் கைநழுவுகிறது. நாங்களும் கொடுத்துவிடலாமா?
– தாம்பரம் வாசகர்

முதலில் தரையில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று கணக்குப் போடுங்கள். கட்டுமானத்துக்கு முந்தைய கரையான் சிகிச்சைக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை சொல்வது, தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை. 1,000 சதுர அடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். அதற்கே 465 லிட்டர் வேண்டும். அஸ்திவாரச் சுவரோரத்துக்கு ஆகிற கலவை தனி. இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்ற திரவக் கரையான் மருந்தைத் தண்ணீரில் லிட்டருக்கு 2.1 மி.லி. வீதம் கலந்தால், தரைக்கு மட்டுமே ஏறக்குறைய 1 லிட்டர் மருந்து போகும். ஒரே ஒரு 200 லிட்டர் பேரலோடு வேலையை முடித்துவிட்டு 10 வருடம் என்று எழுதிக் கொடுப்பவரோடு நீங்கள் போட்டி போட வேண்டியதில்லை. 7ஆவது வருடம் கதவுநிலையில் கரையானின் மண்கோடு தெரிந்து போன் வரும்போது அவர் கடை இருக்குமா என்பதே சந்தேகம். உங்கள் கடை இருக்கும். அதுதான் உங்களுக்குச் சிக்கல்.

குடியிருக்கும் வீடு என்றால் சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மி.மீ. துளை, 30 செ.மீ. இடைவெளி. துளை போட்டதையும் மருந்து ஊற்றியதையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

கேரண்டியின் வருடத்தைவிட அதில் இருக்கும் வாசகம்தான் உங்களைக் காப்பாற்றும், அல்லது கவிழ்க்கும். 'மறு சிகிச்சை மட்டும் இலவசம், மரச்சாமான் சேதத்துக்குப் பொறுப்பல்ல' என்று தெளிவாக இருக்கட்டும். தரையை உடைத்துப் புதுக் குழாய் போட்டாலும் நீர்க்கசிவைச் சரிசெய்யாமல் விட்டாலும் செல்லாது என்றும் சேருங்கள். வருடம் ஒருமுறை கட்டணச் சோதனை இருந்தால் 5 வருடம் வரை கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பெரிய நிறுவனமும் இதில் அடிபட்டிருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் ஃபார்மோசன் என்ற வகைக் கரையானுக்கான ஒப்பந்தங்கள் பற்றிய புகார்களில், டெர்மினிக்ஸ் என்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020இல் மாநில அரசோடு 6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

எலிக்கு 'நல்லா ஸ்ட்ராங்கா போடுங்க' என்கிறார்கள். வீட்டுக்குள் மாத்திரை வைக்கலாமா?
– பூந்தமல்லி வாசகர்

கூடவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும். அதற்கு முறிமருந்து கிடையாது. தானியக் கிடங்கில் தனி அனுமதியோடு, பயிற்சி பெற்றவர் கையாள வேண்டிய பொருள் அது.

2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் நடந்தது நினைவிருக்கும். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் 2 குழந்தைகள் இறந்தார்கள். கைதும் நடந்தது. இதை அரிய விபத்து என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2015இல் ஒரு விடுதியில் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயுவால் புகை போட்டதில் நால்வர் அடங்கிய குடும்பம் படுமோசமாகப் பாதிக்கப்பட்டது. வீடுகளுக்குள் அதைப் பயன்படுத்த 1984லேயே அங்கே தடை வந்துவிட்டது. அந்தக் குற்ற வழக்கில், புகை போட்ட நிறுவனம் கட்ட வேண்டி வந்த தொகை சுமார் 1 கோடி டாலர்.

வீட்டுக்குக் கூண்டு, பூட்டிய பெட்டியில் புரோமாடியோலோன் என்ற எலி மருந்து போதும். அதற்காவது வைட்டமின் கே1 என்ற முறிமருந்து இருக்கிறது. அப்புறம், எலி வரும் ஓட்டையை அடைக்காமல் மருந்து மட்டும் வைப்பது வீண்.

இந்தத் தொழில் செய்ய 1968ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும், தகுதியும் பயிற்சியும் உள்ள ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் செய்த வேலைக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உரிமம் இருக்கிறவர்களும் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பப்ளிக் லயபிலிட்டி பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள்.

ஆண்டு ஒப்பந்தப் பணம் ஏப்ரலிலேயே வந்துவிடுகிறது. ஆனால் டிசம்பரில் சம்பளம் போடத் திணறுகிறேன். ஏன்?
– கோவை வாசகர்

வந்த பணத்தை எல்லாம் லாபம் என்று நினைத்துவிட்டீர்கள். 12 மாத வேலைக்கு 12,000 ரூபாய் வாங்கினால் ஏப்ரலில் உங்களுடையது 1,000 மட்டும்தான். மீதிக்கு நீங்கள் இன்னும் உழைக்க வேண்டும். அதைத் தனிக் கணக்கில் போட்டு மாதாமாதம் எடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கே 18% வரியை அப்போதே கட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டெக்னீஷியன் வேலையை விட்டுப் போய் என் வாடிக்கையாளர்களையே பிடிக்கிறார். 2 வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்று பாண்டு எழுதி வாங்கலாமா?
– மதுரை வாசகர்

எழுதி வாங்கலாம், செல்லாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அப்படி. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப் போகக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஓரளவு பலம் உண்டு. புக்கிங், பில், நினைவூட்டல் எல்லாம் அலுவலக எண்ணிலிருந்தே போகட்டும். வீட்டுக்காரருக்கு அந்தத் தம்பியின் செல்போன் எண் மட்டுமே தெரியும் என்றால், அவர் உங்கள் வாடிக்கையாளரே இல்லை. சம்பளத்தையும் ஒருமுறை பாருங்கள் சார்.

சென்னை ஓஎம்ஆர் சாலை வில்லாக்களில் புல்தரைப் பராமரிப்பையும் சேர்க்கலாமா?
– சோழிங்கநல்லூர் வாசகர்

சேர்க்கலாம், ஆனால் தண்ணீருக்குப் பொறுப்பேற்காதீர்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு குடிக்கவே லாரிக்குக் காத்திருந்தபோது, கொரியன் புல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? புல் காய்ந்தால் 'பராமரிப்பு சரியில்லை' என்றுதான் புகார் வரும். தண்ணீர் தருவது உரிமையாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாதம் இத்தனை முறை வெட்டுவோம் என்பதற்குப் பதில், வளர்ச்சியைப் பார்த்து வெட்டுவோம் என்று போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தரை சொதசொதவென்று இருக்கும்போது மெஷினை இறக்கினால் புல்லும் கெடும், தரையும் பள்ளமாகும்.

ஸ்பிரே அடித்த மறுநாள் மீன்தொட்டி மீன்கள் செத்தன. நஷ்டஈடு கேட்கிறார்கள்.
– திருச்சி வாசகர்

பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து என்றால் மீனுக்கு அது கடும் விஷம். தொட்டியை மூடி ஏர் பம்பை நிறுத்தச் சொன்னதற்குக் கையெழுத்து இல்லாவிட்டால், மீனுக்குப் பணத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள். இனி வேலை தொடங்கும் முன் மீன், பூனை, கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்கும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். பூனை இருக்கும் வீட்டில் அதே வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் வேண்டாம்.