ஹார்டும் ஹார்ட்லியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் ஒரு ஆர்டருக்காக எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தோம். கடைசி இரண்டு நாள் செக்கிங், அயனிங் ஆட்கள் விடிய விடிய நின்றார்கள். அதைப் பையருக்குச் சொல்ல, ‘வி ஹார்ட்லி ஒர்க்டு ஆன் திஸ் ஆர்டர்’ என்று மெயில் போட்டேன். ‘அப்படியானால் ஷிப்மென்ட் தள்ளிப்போகுமா?’ என்று பதில் வந்தது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டார். ஸ்லோவுக்கு ஸ்லோலி, க்விக்குக்கு க்விக்லி. ஹார்டுக்கு மட்டும் ஏனுங்க இப்படி? தமிழ் மீடியத்தில் படித்ததால் வந்த வினையா?

– திருப்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தமிழ் மீடியத்தின் மேல் பழி போடாதீர்கள். விதியைச் சரியாகப் படித்தவர்தான் இந்த இடத்தில் வழுக்குவார். ‘லி’ சேர்த்தால் வினையடை என்று சொல்லித்தந்தார்கள்; நீங்களும் சேர்த்தீர்கள். ஆனால் ஹார்ட், ஃபாஸ்ட் போன்ற சில சொற்கள் ‘லி’ இல்லாமலே வினையடையாக வரும். கடுமையாக உழைத்தோம் என்பதற்கு ‘வி ஒர்க்டு ஹார்ட்’ போதும். ‘வி ஹார்ட்லி ஒர்க்டு’ என்றாலோ, வேலை செய்தோம் என்றே சொல்ல முடியாது என்று பொருள். பையர் பதறியது நியாயம்தான்.

நீங்கள் நினைத்த பொருளும் ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், செல்வர்கள் கடவுளின் ராஜ்யத்துக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்று இயேசு சொல்லும் இடத்தில் ‘ஹவ் ஹார்ட்லி’ என்றே இருக்கிறது. கஷ்டப்பட்டு நடப்பது எப்போதாவதுதான் நடக்கும். அந்த வழியாகவே சொல் ‘அநேகமாக இல்லை’ என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. நம் ‘அரிது’ போன தடமும் ஏறக்குறைய இதுதான். ‘செயற்கரிய செய்வார் பெரியர்’ என்ற குறளில் அரிய என்றால் செய்வதற்குக் கடினமானவை. இன்று ‘பையன் ஊருக்கு அரிதாகத்தான் வருகிறான்’ என்றால், வழியில் சிரமப்படுகிறான் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஹார்ட்லிக்குள்ளேயே ‘இல்லை’ உட்கார்ந்திருக்கிறது. அதனால் பக்கத்தில் ‘நாட்’ வேண்டாம். மற்றபடி உங்கள் தொழிலுக்கு மிகவும் உதவுகிற சொல் இது. ‘ஹார்ட்லி எனி டிஃபெக்ட்ஸ்’ என்று எழுதுங்கள், பழுது அநேகமாக இல்லை என்று பையர் புரிந்துகொள்வார். லேட்லியிடமும் கவனம் தேவை. அதற்குச் ‘சமீப காலமாக’ என்று பொருள். சரக்கு தாமதமாக வரும் என்பதற்கு வெறும் ‘லேட்’தான்.

எனக்கு வருத்தம் இலக்கணத்தில் இல்லை. விடிய விடிய நின்றவர்களின் உழைப்பு அந்த மெயிலில் இல்லாமல் போய்விட்டதே, அதுதான் உறுத்துகிறது. திட்டு வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். ‘தி செக்கிங் அண்ட் அயனிங் டீம்ஸ் ஒர்க்டு வெரி ஹார்ட் ஆன் திஸ் ஆர்டர்’ என்று திருத்தி, அதே பையருக்கு இன்றே ஒரு மெயில் அனுப்புங்கள்.