36 வயதில் எக்ஸ்ரே படிக்கப் போகலாமா?

கேள்வி: அக்கா, டாலஸ் பக்கம் இருக்கிறோம். திருச்சியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தேன். கல்யாணமாகி 12 வருஷமாக வீட்டில்தான். கிரீன் கார்டு வந்துவிட்டது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ரேடியாலஜிக் டெக்னாலஜி சேர ஆசை. 36 வயது ஆகிறது, பிசிக்ஸ் கைகொடுக்குமா? கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாது என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நான் சேர்ந்தபோது எனக்கு 39. வகுப்பில் பாதிப் பேர் என் அக்கா மகள் வயசு. தாராளமாகச் சேருங்கள்.

முதலில் அந்தக் கோர்ஸுக்கு ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. (இந்தப் படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள். படித்து முடித்து ஏ.ஆர்.ஆர்.டி. என்ற அமைப்பு நடத்தும் சான்றிதழ் தேர்வு எழுத வேண்டும். அதற்கு 2015 முதல் குறைந்தது அசோசியேட் டிகிரி (கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருஷப் பட்டம்) தேவை, அது இந்தப் படிப்போடு வந்துவிடும். இரண்டு வருஷம் என்பார்கள், நம்பாதீர்கள். அனாட்டமி, அல்ஜீப்ரா என்று முன்பாடங்களே ஒரு வருஷத்தைத் தின்றுவிடும். இடங்களும் குறைவு. எனக்கு இரண்டாம் முறைதான் கிடைத்தது. திருச்சி மார்க் ஷீட்டை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், ஒன்றிரண்டு பாடம் கழிந்தாலும் லாபம்தான்.

பிசிக்ஸ் வகுப்பில் உதவும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால் பங்காகும் என்று மற்றவர்கள் மனப்பாடம் செய்யும்போது நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். கிளினிக்கலில், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சியில், அந்தப் பாச்சா பலிக்காது. முன்பின் தெரியாதவரின் இடுப்பெலும்பைத் தொட்டுத் தேடி, அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதல் மாதம் எனக்குக் கை கூசியது.

அப்புறம் படம் எடுக்கும்போது ஒட்டும் அந்த ஈய எழுத்துகள். ஆளுக்கு வலதுக்கு ஓர் 'ஆர்', இடதுக்கு ஓர் 'எல்', கூடவே நம் இனிஷியல். படத்தில் வெள்ளையாக விழும். எந்தப் பக்கம், யார் எடுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒருநாள் ஒரு தாத்தாவுக்கு நெஞ்சுப் படம். அதுவரை மல்லாந்து படுத்தவர்களையே எடுத்துப் பழகியதால், எதிரே இருப்பவரின் வலது என் இடப்பக்கம் என்று மண்டையில் ஏறியிருந்தது. தாத்தாவோ எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவர் வலதும் என் வலதும் ஒரே பக்கம். நான் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் 'ஆர்' ஒட்டிவிட்டேன். திரையில் பார்த்தால் இதயம் சாய்ந்த பக்கம் 'ஆர்' ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்த அம்மா திட்டவில்லை. "தாத்தாவுக்கு இதயம் எப்போது இடம் மாறியது?" என்று மட்டும் கேட்டார். இன்றும் நோயாளியின் தோளைத் தொட்டு 'வலது' என்று முணுமுணுத்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: சுவிட்சை அழுத்தும் நொடியில்தான் கதிர், விட்டால் இல்லை. நாம் தடுப்புக்குப் பின்னால் நிற்போம். வார்டுக்குத் தள்ளிப்போகும் மெஷின் என்றால் ஈய ஏப்ரனோடு ஆறடி தள்ளி. காலரில் குத்தியிருக்கும் டோசிமீட்டர் எவ்வளவு பட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். கர்ப்பம் என்று எழுதிக்கொடுத்தால் வயிற்றருகே இன்னொன்று தருவார்கள். கருவுக்கு மொத்தக் கர்ப்பகால வரம்பு 5 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு).

எனக்குக் கஷ்டமாக இருந்தது கதிர் இல்லை, காலை ஆறரை மணி. கிளினிக்கலுக்கு நான் அந்நேரமே போய் நிற்க வேண்டும், சம்பளமும் கிடையாது. அந்த நாட்களில் பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவது யார் என்று மாமியாரிடம் முதலில் பேசி முடியுங்கள்.