ரூட்டரை எடுத்துப் போனார்கள், டெபாசிட் வரவில்லை

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் வீடு. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி, ரூட்டருக்கு 2,000 ரூபாய் டெபாசிட்டும் கொடுத்து ஃபைபர் நெட் போட்டேன். ரப்பர் மரத்தில் கட்டி இழுத்த கேபிள், காற்றடித்தால் அறுந்துவிடும். நான்கு மாதத்தில் பாதி நாள் நெட் இல்லை. கனெக்‌ஷனை வேண்டாம் என்று சொல்லி மூன்று மாதமாகிறது, ரூட்டரையும் எடுத்துப் போய்விட்டார்கள். மீதிப் பணத்தைக் கேட்டால், "பாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க, கேஸ்னா சென்னையிலதான்" என்கிறார்கள்.

பதில்: சென்னைக்கெல்லாம் ரயில் ஏற வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பாரத்தில் எந்த ஊர் கோர்ட் பெயரை அச்சடித்திருந்தாலும் சரி. தொலைத்தொடர்புத் தகராறு அங்கே செல்லாது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டுவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லிவிட்டது. டெபாசிட்டைப் பொறுத்தவரை, கனெக்‌ஷனை மூடிய 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. ஆனால் டிராய்க்கு எழுதிப் பலனில்லை, தனிப்பட்ட புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

என் கவலை சட்டத்தைப் பற்றியல்ல, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான். நெட் போனபோதெல்லாம் லைன் பார்க்கிற தம்பிக்குப் போன் அடித்தீர்களா, கம்பெனி நம்பரில் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்கினீர்களா? எண் வந்த எஸ்எம்எஸ், மோடத்தில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்த போட்டோ, தம்பியோடு பேசிய வாட்ஸ்அப், எதையும் அழிக்காதீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 'டெபாசிட்' என்று இருந்தால் நல்லது, 'இன்ஸ்டாலேஷன் சார்ஜ்' என்று இருந்தால் அந்த 2,000 கொஞ்சம் இழுபறிதான். ரூட்டரை எடுத்தபோது எழுதி வாங்கவில்லை என்றால் இன்றே வாட்ஸ்அப்பில், "இன்ன தேதியில் எடுத்துப் போனீர்கள், டெபாசிட் எப்போது வரும்?" என்று கேளுங்கள், மழுப்பிப் பதில் போட்டாலும் அது நமக்குச் சாட்சி.

முதலில் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வரும். வராவிட்டால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ், அப்புறம் புகார். உள்ளூர் ஏஜென்ட்டை மட்டும் எதிர்தரப்பாகப் போட்டுவிடாதீர்கள், கம்பெனியையும் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவார்கள். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை (வக்கீலான நானே சொல்கிறேன்), நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ருதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பயன்படுத்தாத மாதங்களுக்கான பணம், டெபாசிட், செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவு கேளுங்கள் போதும்.