தலைகீழான தலைக்கு ஏன் இத்தனை விலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் தவறிவிட்டார். அவர் வைத்திருந்த ஆல்பங்களைப் புரட்டியபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. நான்கு தபால்தலைகள் கிழிக்காமல் ஒன்றாக இருக்கும் ஒரு பிளாக். அதில் சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்திருக்கிறது. இன்னொன்று ஒற்றைத் தபால்தலை. மூன்று பக்கம் பல் இருக்கிறது, வலப்பக்கம் மட்டும் மழுமழுவென்று இருக்கிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் போட்டேன். ஒருவர் உடனே போன் செய்து, இரண்டுமே எரர் ஸ்டாம்ப், லட்சக்கணக்கில் போகும், சான்றிதழுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள் என்கிறார். என் மனைவி கேட்கிறாள்: "கல்யாணப் பத்திரிகையில் பேர் தப்பா அடிச்சா அச்சகத்துக்காரர்கிட்ட சண்டைக்குப் போறோம். இதுல தப்பு இருந்தா மட்டும் லட்ச ரூபாயா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இதில் நிஜமாகவே பணம் இருக்கிறதா? இருந்தால் ஏன்?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அச்சகத்தில் தப்பு நடப்பது தினசரிச் சங்கதி. தாள் மடிந்து போகும், மை தீரும், துளை போடும் எந்திரம் ஒரு வரிசையை விட்டுவிடும். அதையெல்லாம் பொறுக்கி அழிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. தபால்தலை என்பது காசு மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் கணக்கு உண்டு. அத்தனை கண்களையும் தாண்டி ஒரு தாள் தபால் அலுவலக ஜன்னல் வரை வந்து, காசு கொடுத்து ஒருவர் கையில் சேர்ந்தால் அதற்குத்தான் விலை. தப்புக்கு இல்லை, அது தப்பித்து வந்ததற்கு.

நம் நாட்டுத் தபால்தலையையே பார்ப்போம். 1854-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுமைக்கும் தபால்தலை கொண்டுவந்தது. அச்சடித்தது கல்கத்தாவில், சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில், கேப்டன் துய்லியர் மேற்பார்வையில். நிலப்படம் அச்சடிக்கும் இடம்; கல்லில் எழுதி அதிலிருந்து அடிக்கும் கல்லச்சுதான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். அரை அணா, ஒரு அணா எல்லாம் ஒவ்வொன்றும் ஒற்றை நிறம். நான்கு அணாவுக்கு மட்டும் இரண்டு நிறம் வைத்தார்கள். சிவப்பில் எண்கோணச் சட்டம், நடுவில் நீலத்தில் விக்டோரியா ராணியின் தலை. இரு நிறத்தில் தபால்தலை அடிப்பது அன்றைக்கு உலகத்திலேயே அபூர்வம்.

இரண்டு நிறம் என்றால் ஒரே தாள் இரண்டு முறை கல்லேற வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தாளுக்குப் பன்னிரண்டு தபால்தலைகள்தான். முதல் நாள் சிவப்புச் சட்டங்களை அடித்துக் காயவைத்திருப்பார்கள். அப்புறம் காய்ந்த தாள்களை எடுத்து, நீலக் கல்லின் மேல் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். வெறும் சட்டம், நடுவில் ஒன்றுமில்லை. அவசரத்தில் பார்த்தால் மேல் எது கீழ் எது என்று சட்டென்று பிடிபடாது. யாரோ ஒருவர், வியர்த்த கையோடு, சில தாள்களைத் திருப்பி வைத்துவிட்டார். அவற்றில் எல்லா ராணிகளும் தலைகீழ்.

யாரும் கவனிக்கவில்லை. தாள்கள் தபால் அலுவலகத்துக்குப் போயின, விற்றன, கடிதங்களில் ஒட்டப்பட்டன, முத்திரை குத்தப்பட்டன. அன்றைய தபால்தலையில் துளை கிடையாது, கத்தரியால்தான் வெட்டுவார்கள். நான்கு அணா எண்கோணமாக இருந்ததால் பலர் அந்தக் கோட்டை ஒட்டியே எட்டு மூலையாக வெட்டினார்கள். இன்றைக்குக் கிடைத்திருக்கும் தலைகீழ் ராணிகளில் பெரும்பாலானவை அப்படி ஓரம் போனவைதான். சாதாரணத் தபால்தலையில் ஓரம் போனால் மதிப்பு தரைமட்டம். இதில் மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை. 1874-ல் லண்டன் தபால்தலைச் சங்கத்தில்தான் இப்படி ஒரு பிழை இருப்பதே வெளியே தெரிந்தது. இருபது வருடம் கழித்து! அதற்குள் எத்தனை குப்பைக்குப் போயினவோ. இப்போது உலகம் முழுக்கச் சேர்த்தால் முப்பது தேறினால் அதிகம். எனக்குப் பிடித்த பிழை இதுதான். ஒரு மனிதக் கை தாளைத் திருப்பிய அந்த ஒரு நொடி அப்படியே அதில் தெரிகிறது.

உலகம் அதிகம் பேசுவது அமெரிக்காவின் தலைகீழ் விமானத்தை. அது 1918, 24 சென்ட், விமானத் தபாலுக்காக அடித்தது. சிவப்புச் சட்டம், நீல விமானம். அதே இரண்டு நிறக் கதை. வாஷிங்டனில் வில்லியம் ராபி என்பவர் இரண்டு நிறத் தபால்தலை வருகிறது என்றதுமே, இதில் தலைகீழாக வர வாய்ப்புண்டு, கண் வைத்திரு என்று நண்பருக்குக் கடிதமே எழுதியிருந்தார். மே 14 அன்று 24 டாலர் கொடுத்து நூறு தலைகள் கொண்ட தாளை வாங்கினார். நூறிலும் விமானம் மல்லாந்து பறந்தது. தபால் துறையினர் திரும்பக் கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. சில நாட்களில் 15,000 டாலருக்கு விற்றார். அந்த ஒரு தாளைத் தவிர வேறெதுவும் வெளியே வரவில்லை. 2023-ல் அதில் ஒரே ஒரு தலை இருபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

எண்ணிக்கைதான் எல்லாம் என்பதற்கு இதைவிட நல்ல கதை 1962-ல் நடந்தது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்து விமான விபத்தில் இறந்த டாக் ஹாமர்ஷோல்டுக்கு அமெரிக்கா 4 சென்ட் தபால்தலை போட்டது. சில தாள்களில் மஞ்சள் நிறம் மட்டும் தலைகீழாக விழுந்துவிட்டது. நியூ ஜெர்ஸியில் நகைக்கடைக்காரர் ஒருவருக்கு அப்படி ஐம்பது தலை கொண்ட தாள் ஒன்று கிடைத்தது. செய்தி பரவியது. போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் எட்வர்ட் டே என்ன செய்தார் தெரியுமா? தபால் துறை லாட்டரிக் கடை இல்லை என்கிற மாதிரி சொல்லி, அதே தப்போடு வேண்டுமென்றே நான்கு கோடி தலைகள் அடிக்கச் சொன்னார். நகைக்கடைக்காரர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியும் பலனில்லை. அதற்குள் நிறைய விற்றுவிட்டது. இன்றைக்கும் அந்தத் தபால்தலை சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. தப்பு அதே தப்புதான்! எனக்கு டேயின் மேல் கோபம் உண்டு. ஒரு சேகரிப்பாளரின் வாழ்நாள் அதிர்ஷ்டத்தை ஓர் உத்தரவில் ஒன்றுமில்லாமல் ஆக்கியது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையில்லை.

எப்படி வெளியே வந்தது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் அதிபராக இருந்த நிக்சனின் தபால்தலையில் பெயர் தலைகீழாக இருந்த பிரதி ஒன்று 1996-ல் ஏலத்துக்கு வந்து நல்ல விலைக்குப் போனது. விசாரித்தால், அச்சகத்தில் அழிக்க ஒதுக்கிய கழிவை அங்கே வேலை பார்த்தவரே திருடியிருந்தார். ஜன்னல் வழியே காசுக்கு விற்றது வேறு, பின்வாசல் வழியே பைக்குள் போனது வேறு. நம் ஊர்ச் சந்தையிலும் பாதி அச்சு, துளையில்லாத தாள் என்று அவ்வப்போது கட்டுக்கட்டாகத் தலைகாட்டும். ஒரே ஆளிடம் ஒரே பிழை பத்துத் தாள் இருந்தால் நான் கிட்டேயே போக மாட்டேன்.

படம் வரைந்தவரின் தப்பும் பலரைக் குழப்பும். 1956-ல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ஷூமானுக்குத் தபால்தலை போட்டு, பின்னணியில் ஷூபர்ட்டின் இசைக்குறிப்பை அடித்துவிட்டது. 1903-ல் செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் தபால்தலையில் கொலம்பஸ் தொலைநோக்கியில் பார்க்கிறார். அவர் காலத்தில் தொலைநோக்கியே கிடையாது. சொல்லிச் சிரிக்க நல்ல கதைகள். ஆனால் அடித்த அத்தனை பிரதியிலும் அதே தப்பு இருப்பதால் பெரிய விலை இல்லை.

சரி, உங்கள் அப்பாவின் ஆல்பத்துக்கு வருவோம்.

அந்த பிளாக். பல நிறத் தபால்தலையில் நிறத்துக்கு ஒரு உருளை. தாள் நூலிழை நகர்ந்தாலும் ஒரு நிறம் மட்டும் தள்ளி விழும். இது சர்வசாதாரணம். முகத்தை விட்டு உதடு தனியாக நிற்கும் அளவுக்கு விலகியிருந்தால் ரசனைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். லட்சமெல்லாம் பேச்சுக்கு. ஒரு நிறம் அடியோடு விடுபட்டிருந்தால் கதை வேறு. அப்போதும் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். அந்த நிறத்தில் ஒரு புள்ளி இருந்தால்கூட ஆட்டம் முடிந்தது. வெயிலும் பிளீச்சிங் பவுடரும் நிறத்தைத் தின்னும் என்பதையும் மறக்கக் கூடாது. பச்சையில் மஞ்சள் போய்விட்டால் நீலம் மிஞ்சும். அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பல் இல்லாத ஒற்றைத் தலையில் எனக்குச் சந்தேகம் அதிகம். அதே தபால்தலையின் சாதாரணப் பிரதி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலால் அகலத்தை அளந்து பாருங்கள். துளை நிஜமாகவே விடுபட்டிருந்தால் அந்தப் பக்கம் வெள்ளை ஓரம் தாராளமாக இருக்க வேண்டும். உங்களுடையது சாதாரணப் பிரதியைவிட அகலம் குறைந்திருந்தால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். உங்கள் அப்பா என்று சொல்லவில்லை. கடிதத்திலிருந்து வெட்டும்போது கை தவறுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதனால்தான் துளையில்லாப் பிழையை ஒற்றையாக யாரும் ஏற்பதில்லை. நடுவில் துளை இல்லாமல் இரண்டு தலைகள் ஒட்டியபடி இருந்தால்தான் பேச்சே.

எதையும் தண்ணீரில் போடாதீர்கள். பிளாக்கைத் தனித்தனியாகக் கிழிக்காதீர்கள். பின்பக்கப் பசையில் விரல் படாமல் இடுக்கியால் எடுங்கள். அளவு பார்த்த பிறகும் சந்தேகம் மிச்சமிருந்தால் சென்னையில் தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. அங்கே வருகிற மூத்தவர்களிடம் நேரில் காட்டுங்கள். நிஜமாகவே பெரிய பிழை என்று தோன்றினால் லண்டன் ராயல் சங்கம் போன்ற நிபுணர் குழுவிடம் சான்றிதழ் வாங்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் அதை நீங்களே நேராக அந்தக் குழுவிடம் கட்டுவீர்கள். நடுவில் போன் செய்யும் ஆசாமி யாரும் தேவையில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் அப்பா தபால் துறையில் இருந்தவர் என்கிறீர்கள். பழைய கவர்கள், முத்திரை குத்திய இன்லாண்ட் லெட்டர்கள், அவர் வேலை பார்த்த சிற்றூர் அலுவலகங்களின் முத்திரைகள் ஏதும் வைத்திருக்கிறாரா? மூடிப்போன கிளை அலுவலகங்களின் முத்திரைக்குத் தனியாகத் தேடுகிறவர்கள் உண்டு. தபால்தலையை வெட்டி எடுத்துவிட்டுக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த பிளாக்கையும் ஒற்றைத் தபால்தலையையும் முன்பக்கம் பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கவர்கள் இருந்தால் அதையும்.