இரண்டாவது பஸ் சேர்ந்ததும் ஆசனங்கள் ஏன் கலந்தன?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு செல்லும் இரவு பஸ்ஸுக்கு ஆசனப் பதிவுச் செய்நிரல் ஒன்றைப் பைதன் மொழியில் எழுதுகிறேன். யாழ். நகர், சுன்னாகம், நெல்லியடி ஆகிய மூன்று பதிவு இடங்களும் ‘கருமபீடம்’ என்ற ஒரே வகுப்பின் (பொருள்களை உருவாக்கும் அச்சின்) பொருள்கள். பதிவான ஆசனங்களின் லிஸ்ட்டையும் விற்ற ரிக்கெற் எண்ணிக்கையையும் வகுப்புக்குள், மெதட்களுக்கு (அதன் செயற்பாடுகளுக்கு) வெளியே வைத்திருக்கிறேன். லிஸ்ட் மூன்றுக்கும் பொதுவாக இருக்கிறது; எண்ணிக்கையோ ஒவ்வொன்றிலும் வேறாகக் காட்டுகிறது. இரண்டாவது பஸ்ஸைச் சேர்த்ததும், முதல் பஸ்ஸில் பதிவான 12ஆம் ஆசனம் அதிலும் நிரம்பியதாகத் தெரிகிறது. பிழை எங்கே?
— வாசகர், கோண்டாவில்

பதில்: இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் வேறு வேறு. எண்ணிக்கையை முதலில் பார்ப்போம்.

ஒரு பொருளின் வழியாக ஒரு பெயரை வாசிக்கும்போது பைதன் முதலில் அந்தப் பொருளுக்குள் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் வகுப்பில் தேடும். ஆனால் பொருளின் வழியாகப் பெறுமதி ஒன்றை இடும்போது, வகுப்பைத் தொடாமல் அந்தப் பொருளுக்குள்ளேயே எழுதிவிடும். ஆகவே ‘செல்ஃப்.எண்ணிக்கை += 1’ என்ற வரி (செல்ஃப் என்பது அந்தப் பொருளே) சுன்னாகத்தில் ஓடும்போது, வகுப்பிலிருந்த 0ஐ வாசித்து, ஒன்றைக் கூட்டி, வந்த 1ஐச் சுன்னாகக் கருமபீடத்தின் சொந்த மாறியாக வைத்துவிடுகிறது; அதன் பின் அந்தக் கருமபீடம் வகுப்பின் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை. லிஸ்ட்டில் நீங்கள் செய்வது அப்பெண்ட், அதாவது அதன் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது. அது புதிதாக எதையும் இடுவதில்லை, இருக்கும் லிஸ்ட்டையே மாற்றுகிறது என்பதால் மாற்றம் மூன்று இடங்களிலும் தெரிகிறது. ‘கருமபீடம்.எண்ணிக்கை += 1’ என்று வகுப்பின் பெயரால் எழுதினால் எண்ணிக்கை சரியாகும். ஆனால் அந்த மாறியே வேண்டாம் என்பது என் கருத்து: லிஸ்ட்டின் நீளமே விற்ற ரிக்கெற்றுகளின் எண்ணிக்கை. இரண்டையும் தனித்தனியே வைத்திருந்தால், யாராவது பதிவை இரத்துச் செய்யும் நாளில் இரண்டும் முரண்படும்.

இரண்டாவது சிக்கல் மொழியின் நுணுக்கம் சார்ந்ததல்ல. வகுப்பில் வைத்த தரவு அந்த வகுப்பின் எல்லாப் பொருள்களுக்கும், செய்நிரல் ஓடி முடியும்வரை, பொதுவானது. ஜாவா மொழியில் ஸ்டாட்டிக் (வகுப்புக்கே உரியது) என்று எழுதியிருந்தாலும் இதுவே நடந்திருக்கும். உங்களுக்கு வேண்டியதோ ஒரு குறிப்பிட்ட பஸ்ஸின் ஆசனங்களை விற்கும் கருமபீடங்களுக்கு மட்டும் பொதுவான தரவு. இதற்காக லிஸ்ட்டை, ஒவ்வொரு பொருளும் உருவாகும்போது ஓடும் இனிட் மெதட்டுக்குள் நகர்த்திவிட வேண்டாம். அப்போது ஒவ்வொரு கருமபீடத்துக்கும் தனி லிஸ்ட் கிடைத்து, ஒரே ஆசனம் நகரிலும் நெல்லியடியிலும் விற்கப்படும்.

‘பயணம்’ என்று இன்னொரு வகுப்பை எழுதி, ஆசன லிஸ்ட்டை அதன் இனிட் மெதட்டில் உருவாக்குங்கள். ஒவ்வொரு பஸ்ஸின் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் ஒரு பயணப் பொருள். கருமபீடத்தின் பதிவு மெதட் அந்தப் பயணத்தையும் ஆசன எண்ணையும் ஏற்று, ஆசனம் வெறுமையா என்று பார்த்துப் பதியும் வேலையைப் பயணத்திடமே விட வேண்டும். ஒரே பயணப் பொருளை மூன்று கருமபீடங்களுக்கும் கொடுத்தால் அவை தரவைப் பகிர்கின்றன. வேறொரு பயணத்தைக் கொடுத்தால் கலப்பதற்கு வழியே இல்லை. பயண வகுப்பை எழுதும்போது, இனிட் மெதட்டின் அளவுருவுக்கு (அது ஏற்கும் உள்ளீட்டுக்கு) இயல்புப் பெறுமதியாக, அதாவது எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளும் பெறுமதியாக, வெற்று லிஸ்ட் கொடுக்க வேண்டாம். அந்த லிஸ்ட் ஒருமுறைதான் உருவாகும் என்பதால் பழைய கோளாறு அப்படியே திரும்பி வரும். வகுப்பு மட்டத்தில், ஒருவர் ஒரே தடவையில் பதியக்கூடிய ஆசனங்களின் உச்ச எண்ணிக்கை போன்ற, எங்கும் மாறாத பெறுமதிகளை வைப்பதில் தவறில்லை.

மூன்று ஊர்களிலும் மூன்று கணினிகளில் இது ஓடப்போகிறது என்றால், மேலே சொன்னது மட்டும் போதாது. ஒவ்வொரு கணினியிலும் செய்நிரல் தன் சொந்த நினைவகத்திலேயே இயங்கும். அங்குள்ள வகுப்பு மாறியும் பயணப் பொருளும் மற்றக் கணினிக்குத் தெரியாது. அப்போது ஆசனப் பதிவுகள் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். பயண எண்ணும் ஆசன எண்ணும் சேர்ந்த சோடி ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அட்டவணையிலேயே விதித்துவிட்டால், இருவர் ஒரே கணத்தில் 12ஆம் ஆசனத்தைப் பதிய முயன்றாலும் தரவுத்தளம் ஒருவரை மட்டுமே ஏற்கும். மற்றவருக்கு வரும் பிழைச் செய்தியைப் பிடித்து ‘ஆசனம் போய்விட்டது’ என்று காட்டுவதே உங்கள் செய்நிரலுக்கு மிஞ்சும் வேலை.