ஓடிடி சந்தாவுக்காக ஊரில் விட்டு வந்த கிரெடிட் கார்டு

கேள்வி: வணக்கம். சிங்கப்பூரில் எம்பிளாய்மென்ட் பாஸில் (வேலை அனுமதி) நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி, ஒரு குழந்தை. அம்மாவும் வருடத்தில் சில மாதங்கள் எங்களோடு இருப்பார். எல்லோருக்கும் தமிழ்ப் படமும் சீரியலும் வேண்டும், எனக்கு கிரிக்கெட். இங்கே சந்தா கட்டினால் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 250 டாலர் ஆகிறது. அதனால் இந்தியச் சந்தாக்களையே வைத்துக்கொண்டு, இந்தியாவிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கிறோம். சந்தா 5,000 ரூபாய், விபிஎன் 60 டாலர், ஊர் சிம்முக்கு ஓடிடி சேர்ந்த ரீசார்ஜ் 3,500 ரூபாய். பணம் கட்ட ஓ.டி.பி. தேவைப்படுவதால் என் சிம்மையும் கிரெடிட் கார்டையும் தங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். முதலில் ஒரு அவசரத்துக்கு என்னைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தினார். இப்போது மாதம் மூவாயிரம், நாலாயிரம் எடுக்கிறார். நிலுவை 1,90,000 ரூபாய். எட்டு மாதமாக மினிமம் ட்யூ (பில்லில் கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும், கிட்டத்தட்ட 75,000 கட்டியிருக்கிறேன்; கடன் குறையவே இல்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால் தங்கை வருத்தப்படுவாள். இங்கே சேமிப்பில் 9,000 டாலர் உண்டு. ஊரில் மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போகிறது. ஊர் வங்கிக் கணக்கு பழைய சேமிப்புக் கணக்குதான். அதை மாற்றினால் சந்தாவெல்லாம் நின்றுவிடுமோ என்று பயம். எந்த விபிஎன், எந்தச் சந்தா எடுத்தால் செலவு குறையும்? நிலுவையை இ.எம்.ஐ.யாக மாற்றச் சொல்லி வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். செய்யலாமா?

பதில்: எந்த விபிஎன் என்ற கேள்வியைக் கடைசியில் பார்ப்போம். அது வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் விஷயம். உங்கள் பணத்தை அரிப்பது, உங்கள் சிம்மும் கார்டும் இன்னொருவர் பையில் இருப்பதும், அந்தப் பில்லுக்கு நீங்கள் மாதாமாதம் மினிமம் ட்யூ கட்டிக்கொண்டிருப்பதும்தான்.

நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைப்போம். வங்கிக்கு வங்கி கொஞ்சம் கூடும், குறையும். 1,90,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி சுமார் 6,650. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது ஒரு 1,200. ஆக மாதம் 7,850 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போகிறது. மினிமம் ட்யூ ஐந்து சதவீதம் என்றால் 9,500. அதில் அசலில் கழிவது 1,650 ரூபாய்தான். அதே மாதத்தில் மாப்பிள்ளை மூவாயிரமோ நாலாயிரமோ புதிதாக எடுக்கிறார். எப்படிக் குறையும்?

இன்னொன்றும் இருக்கிறது. போன மாத நிலுவையை முழுதாகக் கட்டாதவருக்கு, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் ஓடிடி சந்தா புதுப்பிக்கும்போது பிடிக்கும் பணத்துக்கும் அன்றிலிருந்தே வட்டி.

இப்போது சந்தாக் கணக்கு. சிங்கப்பூர் டாலரைத் தோராயமாக 65 ரூபாய் என்று வைத்தால், சிங்கப்பூரிலேயே சந்தா எடுக்க 16,250 ரூபாய். நீங்கள் போகும் வழியில் சந்தா 5,000, விபிஎன் 3,900, ரீசார்ஜ் 3,500, மொத்தம் 12,400. மிச்சம் வருடத்துக்கு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த நாலாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஏற்பாட்டில் வருடத்துக்கு 94,000 ரூபாய் வட்டி போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மனைவியிடமும் காட்டுங்கள்.

சரி, சிம்மை ஏன் கொடுத்தீர்கள்? ஓ.டி.பி.க்காக என்கிறீர்கள். ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி 2021 அக்டோபரிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, தானாகப் புதுப்பிக்கும் சந்தாவைக் கார்டில் பதியும்போது ஒருமுறை ஓ.டி.பி. வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னால் வங்கி ஒரு தகவல் அனுப்பும், அவ்வளவுதான். 15,000 ரூபாய் வரையான தொகைக்குத் திரும்பவும் ஓ.டி.பி. கேட்காது. நீங்கள் வைத்திருக்கும் எந்தச் சந்தாவும் அந்த அளவைத் தொடப்போவதில்லை. அதாவது பதிவு முடிந்த அன்றே மாப்பிள்ளையிடம் சிம் இருக்க வேண்டிய காரணமும் முடிந்துவிட்டது. அப்புறம் அது அங்கே இருப்பது அவருடைய செலவுக்காக மட்டும்.

சிம் அடுத்தவர் கையில் இருப்பதன் ஆழம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். யு.பி.ஐ. செயலி உங்கள் எண்ணை அந்த சிம்மிலிருந்து போகும் குறுஞ்செய்தியை வைத்துத்தான் உறுதி செய்கிறது. கார்டும் சிம்மும் ஒரே ஆளிடம் இருந்தால், கார்டோடு உங்கள் வங்கிக் கணக்கும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. அவர் போனைத் தொலைத்தால்? பழுது பார்க்கக் கடையில் கொடுத்தால்? மோசடியில் போன பணத்துக்கு வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்து அதனால் இழப்பு வந்தால், வங்கியிடம் புகார் சொல்லும் வரையிலான நஷ்டம் அவருடையது. ஓ.டி.பி.யை நீங்களே ஒப்படைத்துவிட்டு வங்கியிடம் வாதாட முடியாது.

ஆகவே முதல் வேலை, இன்று மாலையே வங்கிச் செயலியில் அந்தக் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்துங்கள். ஏ.டி.எம்., கடை பரிவர்த்தனைகளையும் நிறுத்துங்கள். செயலியே மாப்பிள்ளையின் போனில்தான் இருக்கிறது என்றால் வங்கியின் வெளிநாட்டு வாடிக்கையாளர் எண்ணை அழைத்து பிளாக் செய்யுங்கள். ஓரிரு சந்தா நின்றுபோகும். போகட்டும்.

அடுத்தது, 9,000 டாலர் சேமிப்பிலிருந்து சுமார் 3,000 டாலரை எடுத்து நிலுவையை ஒரே தடவையில் அடையுங்கள். இதில் தயக்கம் வேண்டாம். சிங்கப்பூர் சேமிப்புக் கணக்கு எவ்வளவு நல்ல வட்டி தந்தாலும், வருடத்துக்கு 42 சதவீதம் வாங்கும் கடனுக்கு அது ஈடாகாது. எம்பிளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு மத்திய சேமநிதி கிடையாது, அதனால் கையிருப்பு உங்களுக்கு ரொம்ப முக்கியம் என்பதும் எனக்குத் தெரியும். 6,000 டாலர் மீதி இருக்கும். மாதாமாதம் கட்டிவந்த 9,500 ரூபாயை இனி டாலராகவே சேர்த்தால், கையிலிருந்து போன 3,000 டாலர் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும்.

இ.எம்.ஐ. பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 42 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அதன் வட்டி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிராசஸிங் கட்டணம், வட்டிக்கு ஜி.எஸ்.டி., முன்கூட்டியே அடைத்தால் அதற்கொரு கட்டணம் என்று வரும். கையில் பணம் இல்லாதவருக்கு அது ஒரு வழி. உங்களிடம் பணம் இருக்கிறது. அதைவிட, தவணை கட்டக் கட்ட கார்டின் வரம்பு மறுபடி திறக்கும். வரம்பு திறந்தால் செலவும் திரும்ப வரும், அதை எட்டு மாதமாகப் பார்த்துவிட்டீர்கள். பர்சனல் லோன் வாங்கி அடைக்கச் சொல்லும் அழைப்பும் வரும். அதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. எட்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி, எது உங்கள் சந்தா, எது அவர் எடுத்தது என்று குறித்துவிடுங்கள். தொகை தெரியாமல் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். தெரிந்த பிறகு, "கொடுத்ததைத் திருப்பித் தாங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். அம்மாவுக்கு நீங்கள் மாதாமாதம் ஏதாவது அனுப்புவீர்கள். அதில் ஐயாயிரத்தை இனி மாப்பிள்ளை கையால் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள், கணக்கு தீரும் வரை. பணம் உங்கள் பக்கமே வந்து சேரும், அவருக்கும் தலைகுனிவு இல்லை. கார்டை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், "வங்கிக் கணக்கை என்.ஆர்.ஐ. கணக்காக மாற்றுகிறேன், பழைய ஏற்பாடெல்லாம் செல்லாது" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை, ஏனென்றால் அதைத்தான் அடுத்து செய்யப்போகிறீர்கள்.

தங்கைக்கு உதவ வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று முடிவு செய்து அவள் கணக்கிலேயே போடுங்கள். அண்ணன் தங்கைக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வருமான வரிச் சட்டத்தில் அவளுக்கு வரி கிடையாது. திறந்த கார்டைக் கையில் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து மனம் நோவதைவிட, அவளுக்கும் இது மரியாதை.

கணக்கை மாற்றாமல் வைத்திருப்பது தவறு. வேலைக்காக வெளிநாடு போனவர் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவர். பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே நடத்தக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவர் ஊர்ப் பணத்தை வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். சட்டத்தின் 13ஆம் பிரிவு, மீறலுக்கு அந்தத் தொகையின் மூன்று மடங்கு வரையிலும், தொகையைக் கணக்கிட முடியாதபோது இரண்டு லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்களாகவே வங்கிக்குப் போய்ச் சொன்னால் பெரும்பாலும் படிவமும் பாஸ்போர்ட், பாஸ் நகல்களுமாக முடிந்துவிடும் வேலை. தள்ளிப்போட்டுக்கொண்டே போவதுதான் சிக்கல்.

மாற்றினால் சந்தா நின்றுவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. என்.ஆர்.ஓ. கணக்கின் டெபிட் கார்டு இந்தியாவில் ரூபாய் செலவுக்குப் பயன்படும். 2023 ஜனவரியில், யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. பத்து நாடுகளின் மொபைல் எண்களை என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் கணக்கு), என்.ஆர்.ஓ. கணக்குகளின் யு.பி.ஐ.க்கு அனுமதித்தது. சிங்கப்பூர் அதில் இருக்கிறது. உங்கள் வங்கி இந்த வசதியைத் தருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தந்தால், ஊர் சிம் இல்லாமலே ஊர்ப் பணம் கட்டலாம். என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள் என்பதால் அங்கே தேவைக்கு மட்டும் வையுங்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்திலிருந்து அனுப்புவதை என்.ஆர்.இ. கணக்கில் போடுங்கள், அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. எஸ்.ஐ.பி.யின் கே.ஒய்.சி.யையும் என்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றி, புதிய கணக்கிலிருந்து போகும்படி செய்துவிடுங்கள். எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் 42 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு, 12 சதவீதம் வருமோ என்ற நம்பிக்கையில் மாதம் 10,000 போட்டுவந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இனி உங்கள் கேள்வி. படங்களும் போட்டிகளும் நாடுவாரியாகத்தான் உரிமம் விற்கப்படுகின்றன. அதனால்தான் ஒரே நிறுவனம் ஒரு நாட்டில் காட்டுவதை இன்னொரு நாட்டில் மறைக்கிறது. விபிஎன் முகவரிகளைக் கண்டுபிடித்து அடைப்பது அவர்களுடைய அன்றாட வேலை. பெரும்பாலான சேவைகளின் நிபந்தனையிலேயே அது கூடாது என்று இருக்கிறது. நாளைக்கே நின்றுபோகக்கூடிய ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டாதீர்கள். ஒருமுறை கட்டினால் ஆயுள் முழுக்க என்று விற்கும் விபிஎன் பக்கம் போகவே போகாதீர்கள். சர்வரை நடத்த மாதாமாதம் செலவாகும் நிறுவனம் ஆயுள் முழுக்க எப்படித் தரும் என்று யோசித்தாலே போதும்.

எல்லாச் சேனலும் வரும் என்று உரிமம் இல்லாத ஒரு பெட்டியை நண்பர் யாராவது காட்டுவார். சிங்கப்பூரின் 2021 காப்புரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட பெட்டியை விற்பவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. 2022இல் சிம் லிம் ஸ்கொயர் என்ற மின்னணுப் பொருள் வளாகத்தின் கடைகளில் காவல்துறை சோதனையே நடந்தது. பாஸில் இருப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சன் நெக்ஸ்ட், ஜீ5 போன்றவை வெளிநாட்டில் இருப்பவருக்கென்றே சந்தா விற்கின்றன. நெட்ஃபிளிக்ஸை சிங்கப்பூர்க் கணக்காகவே எடுத்தால் பல தமிழ்ப் படங்கள் அதிலும் கிடைக்கும். எல்லாவற்றையும் வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டாம். அம்மா வந்திருக்கும் மாதங்களில் சீரியலுக்கு ஒன்று, கிரிக்கெட் சீசனில் அதற்கு ஒன்று, மற்ற மாதங்களில் ஏதாவது ஒன்றே ஒன்று என்று மாதச் சந்தாவாக எடுங்கள். இப்படிச் செய்தால் 250 டாலர் 150க்குள் வந்துவிடும் என்பது என் கணிப்பு. அது பத்தாயிரத்துக்குக் கீழே, இப்போது நீங்கள் செலவழிக்கும் 12,400ஐவிடக் குறைவு. ஓடிடி சேர்ந்த ரீசார்ஜையும் விட்டுவிடுங்கள். வங்கியில் பதிந்த மொபைல் எண்ணை மாற்றும் வரை சிம் உயிரோடு இருக்கும் அளவுக்கு அடிப்படைத் திட்டம் போதும். அந்த சிம்மை அடுத்து ஊரிலிருந்து வருபவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி, உங்கள் போனிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.